சுரங்கத்துக்கு விமானம்! கல்லூரிக்குக் கால்நடைப் பயணமா?

படிப்பதற்காகக் காடும் மேடும் கடந்து நாடுவிட்டு நாடு நடந்தான் ஒரு மாணவன். லெக்சன் கயீரா என்பது அவன் பெயர். ஆப்பிரிக்காவிலே இன்று மலாவி என்று வழங்கும் நாடு, அன்று நியாசாலாந்து. வெள்ளைக்காரன் கொடி பறந்த பூமி. அங்கே ஓர் ஏழைக் குடிசையிலே பிறந்தவன்.

அவன் கதையை எடுத்துச் சொல்பவர்கள் உண்டு. “பாரீர், இதுவல்லவோ ஊக்கம்! மனமுண்டானால் மார்க்கமுண்டு! வறுமையைக் காரணம் காட்டாதீர்!” என்று இளைஞர்களுக்கு உபதேசமும் செய்வார்கள். அந்த இளைஞனின் உறுதியைப் போற்றுவதிலே நாம் எவருக்கும் இளைத்தவர்களல்லர். ஆனால் உபதேசம் முடியுமிடத்திலே நமக்கு ஒரு கேள்வி பிறக்கிறது. அவன் ஏன் நடந்தான்?

1958 அக்டோபரிலே புறப்பட்டான். அமெரிக்கா சென்று படிக்க வேண்டும் என்பது எண்ணம். கையிலே சில நாளைக்கு உணவு, ஒரு சிறு கோடரி, இரண்டு புத்தகங்கள். அமெரிக்கா எவ்வளவு தொலைவு என்பது பெற்ற தாய்க்கும் தெரியாது. கெய்ரோவரை நடப்பது, பிறகு எப்படியாவது கப்பலேறுவது என்பதே அவன் திட்டம். வழியிலே கூலி வேலை செய்தான். கிடைத்ததைத் தின்றான். மொழி தெரியாத ஊர்களைக் கடந்தான். உகாண்டாவின் கம்பாலா நகரை அடையவே ஓராண்டுக்கு மேலாயிற்று.

அங்கே ஒரு நூலகம். அந்த நூலகத்திலே அமெரிக்கக் கல்லூரிகளின் பட்டியல். அதிலே கண்ணில் பட்டது, வாஷிங்டன் மாநிலத்து ஸ்காஜிட் வேலி கல்லூரி. கடிதம் எழுதினான். இடமும் உதவித் தொகையும் தருவதாகப் பதில் வந்தது. மீண்டும் நடந்தான். சூடானின் தலைநகர் கார்ட்டூமை அடைந்து அமெரிக்கத் தூதரகத்தின் கதவைத் தட்டினான். இடம் இருக்கிறது, போக வழிச்செலவு இல்லை. அந்தச் சிறு கல்லூரியின் மாணவர்களும் ஊராரும் பணம் திரட்டி அனுப்பினார்கள். 1960 டிசம்பரிலே அங்கே போய்ச் சேர்ந்தான். புறப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது!

வீரக்கதைதான், மறுக்கவில்லை. ஆனால், நியாசாலாந்து பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் வந்தது 1891-ல். அவன் புறப்பட்ட நாளிலே அறுபத்தேழு ஆண்டுகள் ஓடிவிட்டன. அத்தனை ஆண்டுகள் வரி வாங்கியவர்கள், தோட்டம் போட்டவர்கள், சட்டம் போட்டவர்கள், அந்த மண்ணிலே ஒரு பல்கலைக்கழகம் வைக்கவில்லை. 1964-ல் விடுதலை வந்தது. அதே ஆண்டிலே மலாவிப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டமும் வந்தது. அறுபத்தேழு ஆண்டுகளில் முடியாதது விடுதலை பெற்ற ஆண்டிலேயே முடிந்தது எப்படி? முடியாமலிருக்கவில்லை; மனமில்லாமலிருந்தது! மனமுண்டானால் மார்க்கமுண்டு என்ற பழமொழியை அந்த ஆட்சியாளருக்கல்லவா ஓதியிருக்க வேண்டும்?

தொழிலாளத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. அதே 1950-களில், அதே நியாசாலாந்திலிருந்து, ஏழை இளைஞர்கள் விமானத்திலே பறந்தார்கள்! எங்கே? தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு. ஆள் பிடிக்கச் சுரங்க முதலாளிகள் வைத்திருந்த ‘வெனேலா’ என்ற நிறுவனம் விமானம் வைத்து அழைத்துப் போயிற்று. பாறைத் தூசியைச் சுவாசிக்க ஆள் வேண்டும். ஆகவே வானத்திலே வழி உண்டாயிற்று. 1974 ஏப்ரலிலே அத்தகைய விமானமொன்று போட்சுவானாவின் பிரான்சிஸ்டவுனிலே விழுந்து 78 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீடு திரும்பிக்கொண்டிருந்த மலாவித் தொழிலாளர்கள்.

தங்கம் தோண்டப் போகிறவனுக்கு விமானம். அறிவு தேடப் போகிறவனுக்குக் கட்டைவண்டியும் இல்லை. தொலைவு ஒன்றும் தடையல்ல, தோழர்களே! யாருடைய ஆதாயத்துக்காகப் பயணம் என்பதைப் பொறுத்தே பாதை திறக்கிறது, பாதை அடைபடுகிறது.

அந்தப் பாதையைத் திறக்க வழியே இல்லையா? உண்டு என்று காட்டியது கென்யா. கயீரா இன்னும் வழியிலே இருந்த காலம், 1959 செப்டம்பர். நைரோபியிலிருந்து 81 மாணவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு தனி விமானம் அமெரிக்காவுக்குக் கிளம்பிற்று. அதை ஏற்பாடு செய்தவர் அரசரல்லர், ஆலை அதிபருமல்லர். கென்யத் தொழிலாளர் சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் டாம் எம்போயா! தொழிற்சங்கத் தலைவர்! பந்தாட்ட வீரர் ஜாக்கி ராபின்சன், பாடகர் ஹாரி பெலஃபாண்டே, நடிகர் சிட்னி பாய்ட்டியர் ஆகிய கறுப்பினத்துக் கலைஞர்களும் வீரர்களும் அமெரிக்காவிலே துணை நின்றார்கள். கென்யக் கிராமங்களிலே உற்றாரும் ஊராரும் தங்களால் இயன்றதைத் திரட்டிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவ்வழியே சென்றவர்களில் ஒருவர் வங்காரி மாத்தாய். 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்!

ஒருவன் தனியே போனான், இரண்டாண்டு நடந்தான். ஓர் இயக்கம் முன்னின்றது, 81 பேர் ஒரே நாளில் பறந்தார்கள். இதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். கயீராவின் கதையிலேயும் அந்தப் பாடம் ஒளிந்துகிடக்கிறது. கம்பாலாவிலே நூலகம் இல்லையென்றால் அவன் எந்த முகவரிக்கு எழுதியிருப்பான்? முகம் தெரியாத மாணவர்கள் பணம் திரட்டாதிருந்தால் கார்ட்டூமுக்கு அப்பால் எப்படிப் போயிருப்பான்? கால்கள் அவனுடையவை. கதவைத் திறந்த கைகள் பலருடையவை.

பின்னாளிலே கயீரா எழுத்தாளரானார். ‘நான் முயல்வேன்’ என்று பொருள்படும் பெயரிலே 1965-ல் தம் வரலாற்றை எழுதினார், நாவல்களும் படைத்தார். 2012-ல் மறைந்தார். அவர் வென்றார், மகிழ்கிறோம். ஆனால் புறப்பட எண்ணியும் புறப்பட முடியாமல் நின்றவர் எத்தனை பேர்? தோற்றவனுக்கு வரலாறு எழுத ஆளில்லை. வென்ற ஒருவனைக் காட்டி, நின்றுபோன ஆயிரம் பேரைச் சோம்பேறிகள் என்பது அறமாகுமா?

இன்றும் அயல்நாட்டுக் கல்லூரியிலே தகுதியால் இடம் பெற்ற ஏழை வீட்டுப் பிள்ளை, விசாவுக்காக முதலில் காட்ட வேண்டியது பணம் இருக்கிறது என்பதற்கான சான்று. மதிப்பெண் இருக்கிறது, வங்கியிலே இருப்பு இல்லை. காடும் ஆறும் மறித்த இடத்திலே இன்று கணக்குப் புத்தகம் மறிக்கிறது.

ஆகவே தோழர்களே! அந்தப் பிள்ளையிடம் கயீராவின் கதையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நட என்று அனுப்பிவிடாதீர்கள். ஊரிலே படிப்பகம் நடத்துங்கள். உதவித்தொகை எது, மனுச் செய்யக் கடைசி நாள் எது என்று தேடிச் சொல்லுங்கள். சங்கத்திலே நிதி திரட்டுங்கள். உதவித்தொகையைக் காலத்தில் கொடு என்று ஆட்சியிருப்போரிடம் உரிமையோடு கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல, உழைப்பவன் வரிப்பணம், உழைப்பவன் பிள்ளைக்கு!

நடந்தவனை வாழ்த்துவோம். இனி எவனும் அப்படி நடக்க வேண்டாத நாளுக்காக உழைப்போம்!