உழவர்களே நியாயம் வழங்கும் ஊர்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் பிரதேசத்தில் லாக்ஸ்டன் என்றொரு சிறு கிராமம் உண்டு. ஆண்டுதோறும் குளிர்காலம் தொடங்குந் தறுவாயில், அவ்வூர்க் குத்தகை விவசாயிகள் சிலர் ஜூரர்களாக நியமனம் பெற்று, டிராக்டர் இழுக்கும் வண்டியில் ஏறிக்கொண்டு, அவ்வாண்டு கோதுமை விதைத்த பெருவயலைப் பார்வையிடப் புறப்படுகிறார்கள். அண்டை நிலத்துக்குள் எவருடைய உழவுசால் புகுந்திருக்கிறது, பொதுப் பாதையையும் புல்தரையையும் எவர் உழுது சுருக்கியிருக்கிறார் என்று சேற்றில் இறங்கி நடந்து பார்த்து, எல்லை மங்கிப்போன இடங்களில் அளந்து மரமுளை அடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு வாரம் கழித்து, 'டவ்காட்' என்னும் ஊர் மதுச்சாலையில் 'கோர்ட் லீட்' என்ற பழைய நியாயசபை கூடி, மீறியவர்களுக்குச் சில பவுன் அபராதம் விதிக்கிறது. அபராதத் தொகை அற்பமானதுதான்; ஆயினும் தன்னோடு தினமும் முகம் பார்த்துப் பழகும் அயலார் நடுவே தன் பெயர் வாசிக்கப்படுவதைக் காட்டிலும் கடுமையான தண்டனை ஓர் உழவனுக்கு வேறென்ன இருக்க முடியும்?

மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என மூன்று பெருவயல்கள். அவற்றுள் வேலியோ மதிலோ இன்றி அடுத்தடுத்துக் கிடக்கும் நீண்ட பட்டைகள். நல்ல மண்ணும் களிமண்ணும் ஒருவனுக்கே சேர்ந்துவிடாதபடி ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்றிலும் சிதறிக் கிடக்கும் பங்கு. ஓராண்டு கோதுமை, மறு ஆண்டு வசந்தகாலப் பயிர், மூன்றாம் ஆண்டு தரிசு என்ற சுழற்சி: இடைக்கால இங்கிலாந்தின் பெரும்பகுதியில் வழங்கிய விவசாய முறை இதுவே. 1635-இல் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்த லாக்ஸ்டன் வரைபடம் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. உழுகின்றவர்களும் அறுக்கின்றவர்களும் மேயும் கால்நடைகளும் அதில் சிறு சித்திரங்களாகக் காட்சியளிக்கின்றன. வயல் நடுவே வீடு கட்டிக்கொள்ளாமல் தெருவை ஒட்டியே நெருங்கி வாழ்ந்த அக்கால வழக்கத்தால்தான் இன்றும் பண்ணை வீடுகள் ஊருக்குள்ளேயே நிற்கின்றன.

1750-க்கும் 1850-க்கும் இடைப்பட்ட நூறாண்டில் பொது வயல்களைத் தனித்தனி உடைமைகளாகப் பிரித்து வேலியிடப் பாராளுமன்றம் இயற்றிய ஆயிரக்கணக்கான வேலியடைப்புச் சட்டங்கள் இம்முறையை நாடெங்கும் துடைத்தெறிந்தன. விளைச்சல் பெருகியது மெய்யே. மேய்ச்சல் உரிமை ஒன்றையே நம்பியிருந்த ஏழைக் குடியானவன் கூலியாளானதும் மெய்யே. லாக்ஸ்டனிலும் சில பகுதிகள் வேலிக்குள் போயின. மூன்று வயல்களின் நடுப்பகுதி தப்பியதற்கு, அங்கிருந்த பெரிய நிலச்சுவான்தார்களுக்குள் இணக்கம் ஏற்படாததே முக்கிய காரணம் என்பர்.

பொதுவில் உள்ள மேய்ச்சல் நிலம் மனிதரின் சுயநலத்தால் அழிந்தே தீரும் என்று 1968-இல் அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை உலகப் பிரசித்தி பெற்றது. காவலும் கட்டுப்பாடும் அற்ற நிலத்துக்கு அவ்வாதம் பொருந்தலாம். ஆனால், அறுவடை முடிந்த தாளடியில் கால்நடை மேய்க்கும் உரிமைக்குக்கூடக் காலமும் வரம்பும் வகுத்துக்கொண்டு, அவற்றைத் தாங்களே நூற்றாண்டுக்கணக்காகப் பரிபாலித்து வந்த இவ்வூராரை அவர் கருத்திற்கொண்டதாகத் தெரியவில்லை. 1977-இல் இத்தகைய பழைய சபைகளின் நியாயாதிகாரத்தைச் சட்டம் நீக்கியபோதும், லாக்ஸ்டன் சபைக்கு வெளிப்படையாக விதிவிலக்கு அளிக்கப்பட்டது. பாராளுமன்றம் அன்று காட்டிய விவேகத்தை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஊரின் நில உடைமையாளரான மான்வர்ஸ் பிரபுவின் குடும்பத்திடமிருந்து 1952-இல் விவசாய அமைச்சகம் இக்கிராமத்தை வாங்கியது. 1981-இல் அது அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டின் கைக்கு மாறியது. 2020-இல், பழைய பிரபு வம்சத்துக்குரிய தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பியது. உடைமையாளர் எத்தனை முறை மாறினாலும் வயலை நடந்து பார்ப்பவர்கள் குத்தகைதாரர்களே. பெரிய யந்திரங்களும் பரந்த நிலமும் இன்றி விவசாயத்தில் லாபம் காண்பது அரிதாகிவிட்ட இக்காலத்தில், பட்டை நிலத்தை உழுவதால் நேரும் நஷ்டத்தை அவர்கள் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, தேசத்தின் அரும்பெரும் சொத்து என்று புகழ்வது நியாயமாகாது. குத்தகையை நிர்ணயிக்கும்போது ஜூரிப் பணியையும் தரிசின் இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அரசாங்கத்தின் விவசாய மானியத்தில் இம்முறைக்கெனத் தனிப் பங்கு ஒதுக்க வேண்டும். ஊரில் காலியாகும் பண்ணைகள், வார இறுதியில் வந்து தங்கும் நகரவாசிகளிடம் போய்விடாமல், உழ விரும்பும் இளைஞர்களுக்கே முதலில் கிடைக்க வேண்டும்.