கோப்பைக் கணக்கும் ஆட்டக்காரரின் மதிப்பும்

கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவரின் தரத்தை அவர் வென்ற கோப்பைகளைக் கொண்டு அளக்கும் வழக்கம் ரசிகர்களிடம் மட்டுமின்றிப் பயிற்சியாளர்களிடமும் தேர்வுக் குழுவினரிடமும் வேரூன்றியிருக்கிறது. ஐவர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தின் வெற்றியை ஒருவர் பெயரில் வரவு வைக்கும் இவ்வழக்கம் எத்துணைப் பிழையானது என்பதை, அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் சமகாலத்தில் ஆடிய டிம் டங்கன், கெவின் கார்னெட் ஆகியோரின் வரலாறு காட்டுகிறது.

இருவரும் 1976இல் பிறந்தவர்கள். இருவரும் பவர் ஃபார்வர்டு, அதாவது கூடையை ஒட்டி நின்று, தவறிய பந்தைக் கைப்பற்றுவதையும் எதிரணியைத் தடுப்பதையும் முதற்கடமையாகக் கொண்ட நெடிய முன்கள ஆட்டக்காரர்கள். டங்கன் ஐந்து முறை பட்டம் வென்றார். கார்னெட் வென்றது ஒரே முறை.

புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்துகொள்ளும் டிராஃப்டில், 1997இல் டங்கனைப் பெற்ற சான் அன்டோனியோ உண்மையில் நலிந்த அணி அன்று; அதன் முதன்மை ஆட்டக்காரர் டேவிட் ராபின்சன் காயமுற்ற ஒரு பருவத்தில் சரிந்து, அதனாலேயே முதல் தேர்வைப் பெற்ற அணி. டங்கன் ஆடிய 19 பருவங்களிலும் கிரெக் பாப்போவிச்சே பயிற்சியாளர். 28ஆவது தேர்வாக டோனி பார்க்கரும் 57ஆவது தேர்வாக மனு ஜினோபிலியும் அங்கு வந்து சேர்ந்தனர். கார்னெட்டின் அணியான மினசோட்டாவோ, ஜோ ஸ்மித் என்ற ஆட்டக்காரருடன் செய்த இரகசிய ஒப்பந்தம் 2000இல் வெளிப்பட்டதால் முதல் சுற்றுத் தேர்வுகள் சிலவற்றை இழந்தது. கார்னெட்டுக்குத் துணையாக இளம் திறமைகளைச் சேர்க்கும் வழி அதனால் அடைபட்டது. 1997 முதல் 2003 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் அவ்வணி பிளே-ஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்றிலேயே வெளியேறியது.

இதில் கார்னெட்டுக்குப் பங்கே இல்லை என்பதும் நேர்மையாகாது. 2003–04 பருவத்தில் அணிகளின் ஊதிய உச்சவரம்பு சுமார் 4.4 கோடி டாலராக இருக்க, அவர் ஒருவரின் ஊதியமே 2.8 கோடி. டங்கன் 2012இல் தம் ஊதியத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துக்கொண்டு, சக ஆட்டக்காரர்களை அணியில் தக்கவைக்க உதவினார். ஆயினும் அதே 2003–04இல் சாம் கசெலும் லாட்ரல் ஸ்ப்ரூவெல்லும் உடன் ஆடியபோது மினசோட்டா 58 ஆட்டங்களை வென்று மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றை எட்டியதையும், கார்னெட் அப்பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் மறந்துவிட இயலாது.

தேர்வாளர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய சான்று 2007இல் கிடைக்கிறது. முந்தைய பருவத்தில் 24 வெற்றிகளே கண்டிருந்த பாஸ்டன், கார்னெட்டும் ரே ஆலனும் வந்து பால் பியர்ஸுடன் சேர்ந்ததும் 66 ஆட்டங்களை வென்று பட்டமும் பெற்றது. கார்னெட்டின் புள்ளிச் சராசரியோ 22.4இலிருந்து 18.8ஆகவும், பந்தைக் கைப்பற்றும் சராசரி 12.8இலிருந்து 9.2ஆகவும் குறைந்தன; ஆயினும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவ்வாண்டுதான் முதன்முறையாக அவருக்குக் கிட்டியது. பந்துடன் வரும் எதிராளியை முன்னேறி மறித்துவிட்டுத் தம் ஆளிடம் விரைந்து மீளும் அவருடைய தடுப்பு, அவர் விட்டுவந்த இடத்தை அடைக்கக் கென்ட்ரிக் பெர்கின்ஸ் போன்றோர் பின்னே நின்றபோதுதான் முழுப் பயன் தந்தது.

ஆட்டக்காரர் களத்தில் உள்ளபோதும் வெளியே அமர்ந்துள்ளபோதும் அணியின் புள்ளி வித்தியாசம் எவ்வாறு மாறுகிறது எனக் கணக்கிடும் முறை, கோப்பைக் கணக்கின் குறையை ஓரளவு நீக்கும். ஆனால் அவருக்கு மாற்றாக இறங்குபவர் பலவீனமானவராயின் அக்கணக்கும் அவரை உயர்த்திக் காட்டும் என்பதால், தேர்வுப் படிவத்தில் உடன் ஆடியோர், மாற்றாக இறங்கியோர் ஆகியோரின் பெயர்களும் இடம்பெறுவது இன்றியமையாதது.