எட்டிப் பார்த்தால் போதாது

கலைஞர் ஒருவர் ‘ஒன்றுமே தோன்றமாட்டேன் என்கிறது’ என்று அலுத்துக்கொண்டால், கூட இருப்பவர்கள் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: தனியாக எங்காவது போய் இரு, மலைப்பக்கம் போ, கொஞ்ச நாள் யாரிடமும் பேசாதே. நம் கலை வரலாறு இந்த யோசனைக்கு அதிகம் சாட்சி சொல்வதில்லை. புதிதாக ஏதாவது பிறந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தால், அங்கே யாரோ ஒருவர் அடுத்த வீட்டுக் கலையில் மாணவராகப் போய் உட்கார்ந்திருக்கிறார். அதுவும் தன் காலத்தில், தன் ஊரில், காதில் விழுந்துகொண்டிருந்த, கண்ணில் பட்டுக்கொண்டிருந்த ஒரு கலையில். நமக்கு இன்று குறைவாக இருப்பது அந்த உட்காருதல்தான்.

வயலினை எடுத்துக்கொள்வோம். மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சென்னைப் பக்கம் இருந்தபோது தீட்சிதர் சகோதரர்கள் கோட்டையில் வாசித்த ஆங்கிலேய பேண்டு இசையைக் கேட்டார்கள். அது அன்றைய புத்தம்புது இசை. வெள்ளைக்கார சிப்பாய்களின் பொழுதுபோக்கு. முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டு சுவரங்கள் என்று நாம் பாடுபவை அவை. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டிலேயே ஒன்று இருக்கிறது. தம்பி பாலுசுவாமி ஒரு படி மேலே போனார். வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கையில் எடுத்தார்; சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அடுத்து அந்த வாத்தியத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தோளில் வைத்து நின்றபடி வாசித்தது, சம்மணமிட்ட வித்வானின் வலது கணுக்காலில் தலையைச் சாய்த்தது. நான்கு தந்திகளும் ச-ப-ச-ப என்று சுருதிக்கு அடங்கின. வாத்தியம் தரையில் அசையாமல் நின்றதால் இடது கைக்கு அதைத் தாங்கும் வேலை இல்லாமல் போனது. விரல் தந்தியில் மேலும் கீழும் தாராளமாக வழுக்கி கமகம் பிடித்தது. அதன் முறையை முதலில் கற்று, எங்கே வளையும், எங்கே வளையாது என்று தெரிந்துகொண்டவர்களால்தான் அதைத் தம் வழிக்குத் திருப்ப முடிந்தது. இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

இன்றைக்குக் கைபேசியைத் திறந்தால் உலகத்துக் கலை முழுவதும் கொட்டுகிறதே, அப்படியானால் படைப்பு ஊற்றெடுத்துப் பாய வேண்டாமா என்று கேட்கலாம். கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. முப்பது நொடி பார்த்தவருக்கு ஒரு கலையின் மேல்தோல் கிடைக்கும். அதன் கட்டுப்பாடுகள் கிடைக்காது. இரவல் வாங்கத் தகுந்த சரக்கு அந்தக் கட்டுப்பாடுகளில்தான் இருக்கிறது.

நடனக் கலைஞர் சந்திரலேகாவின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்று 1952இல் அரங்கேற்றம் செய்தவர், சில ஆண்டுகளில் மேடையில் சலிப்புற்று விலகினார். இடையில் ஒருமுறை தலைகாட்டியதைத் தவிர, நெடுங்காலம் சுவரொட்டி வரைந்தார், எழுதினார், வடிவமைப்பாளர் தசரத் படேலுடன் வேலை செய்தார், பெண்கள் இயக்கத்தில் ஈடுபட்டார். நடனத்துக்கு இதெல்லாம் வீண் என்று தோன்றும். ஆனால் 1985இல் ‘அங்கிகா’ வந்தபோது, பரதத்தின் அரைமண்டியைக் கோடும் கோணமுமாகப் பார்க்கும் ஒரு கண் அதில் வேலை செய்தது. களரிப்பயிற்று வீரர்களும் நர்த்தகிகளும் ஒரே மேடையில் நின்றார்கள். கதை இல்லை, நாயகனுக்காக ஏங்கும் நாயகி இல்லை; உடம்பு எடையை எங்கே தாங்குகிறது, முதுகுத்தண்டு எப்படி நிமிர்கிறது என்பதே பொருளானது. பாஸ்கராச்சாரியாரின் கணக்குப் புத்தகமான ‘லீலாவதி’யைக்கூட அவர் ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். கடைசிப் படைப்பான ‘சரீரா’வில் குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசையை வைத்து, அசைவையே நிமிடக்கணக்கில் நீட்டினார். அவர் வேகத்தைக் குறைத்தது சிலரைப் பொறுமையிழக்கச் செய்தது உண்மை. எல்லாமே எனக்கு உவப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பரதம் மட்டுமே தெரிந்த ஒருவரிடமிருந்து அந்த மேடை வந்திருக்காது.

நாடகத்திலும் இதே கதைதான். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி அடிப்படையில் சிறுகதைக்காரர். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்துதான் அவரது நாடகத்துக்கு உடம்பைக் கொடுத்தது.

இப்படிப் போனால் மரபு கலங்கிவிடும் என்பார்கள். எந்த மரபு? தூய பரதத்தின் கோட்டை என்று பலரும் கருதும் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி நடனத்துக்கு வந்த வழியே ரஷ்ய பாலே வழிதான். அன்னா பாவ்லோவாவைக் கண்டு மயங்கி, அவர் குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உன் நாட்டுக் கலையைப் போய்ப் பார் என்று தூண்டியவரும் பாவ்லோவாதான். பிறகுதான் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயிற்சியும், 1935 அரங்கேற்றமும். கலாக்ஷேத்ராவில் அவர் கைத்தறியும் போட்டார். சேலையின் நிறமும் கரையும் நடனத்தின் பகுதி என்று தெரிந்தவர். கலப்பு என்று இன்று முகம் சுளிப்பவர்கள் காக்க நினைப்பதே ஒரு கலப்பின் விளைவு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அடுத்த வீட்டுக்குப் போகிறவர் யார், அந்த வீடு யாருடையது, கடைசியில் பெயர் யாருக்கு? ருக்மிணி தேவி மேடையேறிய காலத்தில்தான் அந்த ஆட்டத்தைத் தலைமுறைகளாகச் சுமந்த குடும்பங்கள் மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. வாத்தியம் செய்பவர்களின் கதையும் இதுதான்; மிருதங்கத்தைப் பாருங்கள். பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் அதில் சேர்கிறது. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் அவருக்கு மிருதங்கம் செய்த தஞ்சாவூர் பர்லாந்து என்ற கைவினைஞரின் காதும் கையும் இருந்தன. வித்வானுக்கு விருதுகள் குவிந்தன, செய்தவரின் பெயரை ரசிகர் கேட்டதே இல்லை. இதைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலாக 2020இல் எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்குத் தந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆக, உந்துதல் என்ற அழகான பேச்சுக்குள் சுரண்டல் ஒளிந்துகொள்ளும் என்பது வெறும் கற்பனைப் பயம் இல்லை.

ஆனால் இதற்குத் தீர்வு அவரவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது என்றால் நஷ்டம் மறுபடியும் பலவீனமான வீட்டுக்குத்தான். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ வேறொரு வழியைக் காட்டியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழுவில் கானா பாடகர்கள் யாருக்கும் மூலப்பொருள் ஆகவில்லை. ராப்பும் கிட்டாரும் அவர்களைத் தேடி வந்தன. பாட்டும் பெயரும் முன்வரிசையும் அவர்களுடையவை. கொடுக்கல் வாங்கல் இரு திசையிலும் நடந்தால் ஆட்சேபத்தின் பாதி கூர் மழுங்கிவிடுகிறது. மீதிப் பாதி காசு சம்பந்தப்பட்டது.

அங்கேதான் அரசுக்கு வேலை இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் குடையின்கீழ் இசைக் கல்லூரிகளும், ஓவியம் சிற்பம் கற்பிக்கும் கல்லூரிகளும், மாமல்லபுரத்துக் கட்டட, சிற்பக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. வாய்ப்பாட்டு மாணவிக்கு ஒரு பருவம் சிற்பக் கல்லூரியில் கல்லில் தாளமானம் (சிற்ப உருவத்தின் அளவு விகிதம்) பிரிக்கக் கற்றுக்கொடுப்பதையும், ஓவிய மாணவர் ஒரு பருவம் கூத்துக்காரரிடம் முகவேஷம் போடக் கற்பதையும் மதிப்பெண்ணுள்ள பாடமாக்கலாம். மிருதங்க மாணவர் பட்டறையில் உட்கார்ந்து தோல் பதமிடப் பழக வேண்டும். அங்கே சொல்லித்தருபவருக்கு வருகைப் பேராசிரியருக்கு உரிய ஊதியமும் நியமனக் கடிதமும் கொடுக்க வேண்டும். பட்டம் எங்கே என்று கேட்டு அவரது கோப்பைத் திருப்பி அனுப்பக் கூடாது.