புழக்கடைக் கோழிக்கு இடம்

சின்னாளப்பட்டியிலே தறியோசைக்கு முன் எழுவது சேவலின் குரலே. பகலெல்லாம் குப்பை கிளறித் தன் இரையைத் தானே தேடும் கோழிக்கு இரவில் நாம் அளிப்பது யாது? ஒரு பஞ்சாரம், அதன்மேல் ஒரு கல். தாயும் குஞ்சுமாகப் பத்துயிர் தம் எச்சத்தின் மீதே விடியுமளவும் நெருங்கிக் கிடக்கின்றன. ஒன்றிற்கு வெள்ளைக்கழிச்சல் கண்டால் மற்றவையும் மாளும். "கோழி நமக்கு ராசியில்லை" என்பர் வீட்டார். தடுப்பூசி வேண்டுவதே, எனினும் பாதிக் குற்றம் இடத்தினது என்பது நம் துணிபு.

மார்த்தாண்டத்திலே 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்பணி நிலையத்தைத் தொடங்கிய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், வெள்ளை லெகார்ன் கோழியைக் குடியானவர்க்கு அறிமுகஞ் செய்தார். முட்டை விற்கக் கூட்டுறவும் எழுந்தது. ஆனால் எத்துணை உயர்ந்த சாதியாயினும் பஞ்சாரத்துள் திணித்தால் யாது பயன்?

நாம் வேண்டுவது மாளிகையன்று. நீள்பக்கத்தில் வெயில் தாக்காவண்ணம் கிழமேற்காக நீண்ட கூடு, கீரியும் பாம்பும் நுழையாத நெருங்கிய கம்பிவலை, அமர்ந்துறங்க மூங்கிற்கழி. அதனையொட்டி வேலியடைத்த முற்றம், முருங்கை நிழலோடு. பத்துக் கோழிக்குக் கூடு 20 சதுர அடி, முற்றம் 100 சதுர அடி இருத்தல் நலம்.

நெசவாளர் வீட்டில் அவ்வளவு இடம் ஏது என்பீர். அங்ஙனமாயின் கோழியைக் குறைக்க, இடத்தைக் குறைக்கலாகாது. விரித்த பாவில் அயலார் கோழி புகுந்தெழுந்த பூசலைக் கண்டவர்க்கு வேலியின் அருமை தெரியும்.

முட்டைக் காசு பெரும்பாலும் பெண்டிர் கையிற் சேர்வது. கூட்டிற்குக் கம்பிவலை வாங்க ஆடவர் தயங்குவது அதனாற்றானோ என ஐயுறுகின்றோம்.