பாடசாலை வாயிலிற் சோதனை: ஒரு மறுப்புரை

மாணவரின் பைகளையும் உடலையும் வாயிலிலே சோதித்து, ஆயுதம் உட்செல்லாது தடுத்துவிட்டால் பாடசாலை பாதுகாப்பான இடமாகிவிடும் என்னும் எண்ணம் படித்தோர் மத்தியிலும் ஆழ வேரூன்றியுள்ளது. “சோதிப்பதனால் யாது நட்டம்? குற்றமற்றவனுக்கு அச்சம் எதற்கு?” என வினவுவோர் பலர். அவர்களை நோக்கியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. சோதனையினால் நட்டம் உண்டு. அதுவும் பிள்ளையின் மனத்தை மட்டும் நோகச்செய்யும் நட்டமன்று, எந்தப் பாதுகாப்பின் பேரால் சோதனை நடைபெறுகின்றதோ அந்தப் பாதுகாப்பையே குறைத்துவிடும் நட்டம் என்பதே எனது வாதம்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் உயிரிழந்தோருட் பலர் சிறுவர். விடுமுறை நீடிக்கப்பட்டு, மே 6ஆம் திகதி தரம் 6 முதலான வகுப்புகள் ஆரம்பமானபோது வகுப்பறைகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தன. வாயில்களிலே பொலிசாரும் படையினரும் பெற்றோரும் நின்று பைகளைத் திறந்து பார்த்தனர். உள்ளிருப்பது வெளித்தெரியும் பைகளையே பிள்ளைகள் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. அன்றைய அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. பிள்ளையை அனுப்பிவிட்டு நண்பகல்வரை வீதியிலேயே நின்ற தாய்மாரை நானும் கண்டவன்.

ஆனால் அச்சம் வேறு, அச்சத்துக்கு மருந்தாகத் தரப்படுவது வேறு. என் மகள் கற்ற பாடசாலையிலும் பெற்றோர் முறைவைத்துச் சோதனைக்கு நிற்கவேண்டும் என அறிவிக்கப்பட்டது. எனது முறைவந்த நாளிற் காலை ஆறேமுக்காலுக்கு வாயிலை அடைந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஏறத்தாழ இருநூறு பைகளைத் திறந்திருப்போம். கண்டவை பாணும் சம்பலும், வியர்வை உலராத விளையாட்டுச் சட்டை, தாயின் கையெழுத்துக்காகக் கொண்டுசென்று கையெழுத்தின்றியே திரும்பிய தேர்ச்சி அறிக்கை ஆகியன. கவராயத்தின் கூர்முனையை என்ன செய்வது என்று என்னருகில் நின்ற தந்தையொருவர் கேட்டார். எவருக்கும் விடை தெரியவில்லை. கொம்பாசுப் பெட்டியை மூடி அனுப்பினோம். முஸ்லிம் மாணவரின் பைகள் இருமுறை திறக்கப்பட்டன. அவ்வாறு செய்யுமாறு எவரும் கட்டளையிடவில்லை. கைகள் தாமாகவே செய்தன. அவற்றுள் என் கையும் ஒன்று.

பதினைந்து வயது மதிக்கத்தக்க மாணவி ஒருத்தி தன் பையின் உள்ளறையைத் திறவாது நின்றாள். பின்னால் வரிசை நீண்டது. “ஏன் திறக்கிறாயில்லை?” என்று குரலை உயர்த்தினேன். பக்கத்தில் நின்ற தாயொருவர், பெண்பிள்ளைகள் மாதந்தோறும் கொண்டுவரும் பொருள் அது என்பதை உணர்ந்து, பையை மூடி அவளை உள்ளே அனுப்பினார். என் மகளின் வகுப்புத் தோழி அவள். அதுவரை எமது வீட்டுக்கு வந்து என்னிடம் கணக்குச் சந்தேகம் கேட்பவள். அதன்பின் வரவில்லை. ஒரு சிறு சம்பவம்தான். எனினும் நான் பின்னர் கூறப்போகும் விடயத்தின் சாரம் இதிலேதான் அடங்கியுள்ளது.

அதற்கு முன் ஒரு வினா. உயிர்த்த ஞாயிறன்று தவறியோர் யார்? தாக்குதல் நிகழக்கூடும் என்ற எச்சரிக்கை இந்தியப் புலனாய்வுத் துறையிடமிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே கிடைத்திருந்தது. அதன்மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி வழங்கிய தீர்ப்பில், உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக்கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனப் பணித்தது. பாதுகாப்புத்துறை உயரதிகாரிகளும் பொறுப்பாளிகளாகக் காணப்பட்டனர். எச்சரிக்கை பெரியோரின் மேசையிற் கிடந்தது. சோதனையோ பிள்ளையின் பையில் நடந்தது. குண்டுதாரிகளுள் எவனும் பாடசாலைச் சீருடையில் வந்தவனல்லன். ஆயினும் அரசு தன் கடமையைச் செய்கின்றது என்று காட்டுவதற்கு, வரிசையில் நிற்கவும் வாய்திறவாதிருக்கவும் பழக்கப்பட்ட ஒரு கூட்டம் தேவைப்பட்டது. மாணவரைவிட அதற்கு ஏற்றவர் யார்?

இம்முறையின் தாயகம் ஐக்கிய அமெரிக்கா. நியூயோர்க் நகரத்துப் பாடசாலைகள் சிலவற்றில் 1980களின் பிற்பகுதியிலிருந்தே உலோகங்காண் கருவிகள் பயன்பட்டு வருகின்றன. அவற்றினூடாக நாள்தோறும் நடந்து செல்வோரிற் பெரும்பாலோர் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க வழிவந்த பிள்ளைகள். துவக்கு வீட்டுக்கு வீடு கிடைக்கும் அந்நாட்டிலேனும் கருவி பயன் தந்ததா? 2005 மார்ச் 21ஆம் திகதி மினசோட்டா மாநிலத்து ரெட் லேக் உயர்நிலைப் பாடசாலைக்குப் பதினாறு வயது மாணவன் ஒருவன் துவக்குகளுடன் வந்தான். அப்பாடசாலை வாயிலில் உலோகங்காண் கருவி இருந்தது. காவலரும் இருந்தார், ஆயுதமின்றி. வந்தவன் காவலரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, கருவியைக் கடந்து உள்ளே சென்று ஆசிரியை ஒருவரையும் மாணவர் ஐவரையும் கொன்றான். கொல்லத் துணிந்து வருபவன் தன் பையை ஒளிப்பதில்லை. கருவி தடுப்பது, ஒளிக்கவேண்டும் என்று எண்ணுபவனை மட்டுமே.

2018 பெப்ரவரி 14ஆம் திகதி புளோரிடாவின் பார்க்லண்டிற் பதினேழுபேர் கொல்லப்பட்டபின், அப்பாடசாலை மாணவருக்கு உள்ளிருப்பது தெரியும் பைகள் வழங்கப்பட்டன. சில மாதங்களிலேயே அவை கைவிடப்பட்டன. கொலையாளி அப்பாடசாலையின் பழைய மாணவன். அவனைப் பற்றி ஜனவரி மாதத்திலேயே சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்துக்கு ஒருவர் தெரிவித்திருந்தார். அத்தகவலைத் தாம் உரியவாறு தொடரவில்லை எனப் பணியகமே பின்னர் ஒப்புக்கொண்டது. கொழும்பிலே நாம் கண்ட அதே காட்சி.

அமெரிக்க ஜனாதிபதியின் மெய்க்காவலுக்குப் பொறுப்பான இரகசியச் சேவை, அந்நாட்டுக் கல்வித் திணைக்களத்துடன் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை பாடசாலைகளில் இடம்பெற்ற 37 தாக்குதல்களை ஆராய்ந்தது. காவல் காப்பதையே தொழிலாகக் கொண்டோரின் முடிவு என்பதனால் அது மனங்கொள்ளத்தக்கது. 81 சதவீதமான சம்பவங்களில், தாக்குபவன் செய்யப்போவதை அல்லது எண்ணியிருப்பதை ஒருவரேனும் முன்னரே அறிந்திருந்தார். அவ்வாறு அறிந்திருந்தோர் ஏறத்தாழ அனைவரும் அவனையொத்த வயதினரே. மூன்றில் இரண்டுக்கு மேற்பட்ட தாக்குபவர்களுக்கு, துவக்கு சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ கிடைத்திருந்தது. அறிந்த மாணவர் சிலர் சொன்னார்கள், சிலர் ஏன் சொல்லவில்லை என்பதைப் பின்னொரு காலத்து ஆய்வு வினவியபோது, பாடசாலையின் சூழலே பெரிதும் அதனைத் தீர்மானித்தது எனத் தெரியவந்தது.

இங்கேதான் பை திறவாது நின்ற அம்மாணவியை நினைவுகூர வேண்டியுள்ளது. நாளை அவளுடைய வகுப்பில் எவனேனும் ஒருவன் தீங்கு செய்ய எண்ணினால், அதை முதலில் அறியப்போகிறவள் அவளே. பொலிசாரோ கருவியோ அல்ல. அவள் யாரிடம் வந்து சொல்வாள்? தன் பையினுட் கைவிட்டவரிடமா? ஆயிரம் பிள்ளைகளைச் சந்தேகநபராக நடத்தும் நிறுவனம், தன்னிடம் வந்து உண்மை கூறக்கூடிய ஆயிரம் வாய்களை அடைத்துவிடுகின்றது. இதைத்தான் பாதுகாப்பையே குறைக்கும் நட்டம் என்றேன்.

கருவி விற்போரின் கதையையும் சுருக்கமாகச் சொல்லலாம். நியூயோர்க் மாநிலத்து யூட்டிக்கா நகரக் கல்வி மாவட்டம் ஏறத்தாழ 37 இலட்சம் டொலர் செலவிட்டுப் புதுவகைக் கருவிகளை நிறுவியது. 2022 ஒக்டோபர் 31ஆம் திகதி ஒரு மாணவன் கத்தியுடன் அதனைக் கடந்து சென்று இன்னொருவனைக் குத்தினான். அக்கருவியை விற்ற நிறுவனம் அதன் திறனைப் பற்றிப் பொய்யுரைத்தது என அமெரிக்கச் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2024இல் வழக்குத் தொடுத்தது. மடிகணினிகளைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி, ஆயுதங்களைத் தவறவிட்டது என்பது குற்றச்சாட்டு.

சோதனையில் எதுவுமே அகப்படுவதில்லை என நான் கூறவில்லை. நியூயோர்க்கில் கத்திகள் அகப்படுகின்றன. குறித்த ஒருவனிடம் ஆயுதம் உண்டென நம்பத்தக்க தகவல் கிடைத்தால் அதிபர் அவன் பையைத் திறக்கவே வேண்டும். அமெரிக்க உயர் நீதிமன்றமும் 1985இல் நியூ ஜேர்சி வழக்கொன்றில், நியாயமான சந்தேகம் இருப்பின் பாடசாலை அதிகாரி மாணவரின் உடைமையைச் சோதிக்கலாம் என்றே கூறிற்று. ஒருவனைப் பற்றிய தகவலின்மேற் செய்யும் சோதனை ஒன்று. தகவல் எதுவுமின்றி எல்லோரையும் வரிசைப்படுத்துவது முற்றிலும் வேறொன்று. நான் எதிர்ப்பது பின்னதை.

இந்நாட்டுத் தமிழ் மாணவருக்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. சோதனைச் சாவடியிற் பையைத் திறந்து, பாடப்புத்தகத்தை உதறிக்காட்டி, அடையாள அட்டையை நீட்டிப் பரீட்சைக்குச் சென்ற தலைமுறை இன்னும் இருக்கின்றது. அக்காலத்திற் பாடசாலைக்கு ஆபத்து எங்கிருந்து வந்தது? 1995 செப்டெம்பர் 22ஆம் திகதி நாகர்கோவில் மகா வித்தியாலயத்து மாணவர் பலர் மாண்டது விமானக் குண்டினால். வகுப்பறையிலிருந்து பிள்ளைகள் மறைந்தது, ஆயுதம் ஏந்தவென அவர்களைச் சேர்த்துக்கொண்ட இயக்கத்தினால். இரண்டும் பெரியோரின் செயல்கள். எந்தப் பிள்ளையும் அவற்றைத் தன் பையிற் கொண்டுவரவில்லை.

பல்கலைக்கழக வாயிலையும் விட்டுவிட இயலாது. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் முதலாம் வருடப் பொறியியல் மாணவன் ஒருவன் பகிடிவதையினால் உயிரிழந்தான். மறு ஆண்டு 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச்சட்டம் நிறைவேறியது. அங்கே கத்தியுமில்லை, துவக்குமில்லை. எந்தக் கருவியும் ஒலித்திராது. சட்டம் வந்தபின்னரும் அக்கொடுமை ஒழியவில்லை என்பதை இச்சஞ்சிகையை வாசிப்போர் நன்கறிவர். ஒவ்வோர் ஆண்டும் முன்னரே அறிந்தோர் இருக்கின்றனர். யாரிடம் சொல்வதென அறியாது, அல்லது சொன்னால் தம் பெயர் வெளிவரும் என அஞ்சி வாளாவிருக்கின்றனர்.

வாசகருட் பலர் நாளை ஆசிரியராகவும் அதிபராகவும் அமரவிருப்போர். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலே வாயிற் கருவி ஒன்று வாங்கும் பிரேரணை ஒருநாள் உங்கள்முன் வரும். ஆயுதத்தின் பேரால் வராவிடின் போதைப்பொருளின் பேரால் வரும். அதற்குக் கையுயர்த்துமுன், அப்பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியருக்குத் தனியறை உண்டா, அவருக்கு வாரத்தில் எத்தனை பாடவேளை அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது, சென்ற தவணையில் எத்தனை மாணவர் தாமாகவே அவரிடம் சென்றனர் என்று கேட்டு, விடைகளைக் கூட்டக் குறிப்பிற் பதியச் செய்யுங்கள்.