“எப்படிக் கண்டாய்?” என்று கேளுங்கள்



எட்டாம் வகுப்பில் பிள்ளை பயிலும் வீடுகளில் ஆண்டுதோறும் எழுகின்ற வினா ஒன்றுண்டு. “மனத்திறன் தேர்வு என்கிறார்கள், அதற்குப் பாடநூல் இல்லையாம். பாடநூலே இல்லாத தேர்வுக்குப் பிள்ளையை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது?” இவ்வாறு கேட்போருள் ஒரு சாரார், அறிவு பிறவியிலேயே அமைவது, அதற்குப் பயிற்சி எதற்கு என்று எண்ணுபவர்கள். மற்றொரு சாரார், தாங்கள் அதிகம் படிக்காதவர்கள் ஆதலால் தங்களால் உதவ இயலாது என்று தயங்குபவர்கள். இவ்விரு சாராருக்காகவும் இம்மாதம் சிலவற்றை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதற்கண் இத்தேர்வு இன்னதென்று அறிந்துகொள்வோம். வருவாய் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றுவிடலாகாது என்னும் நோக்கத்துடன் நடுவண் அரசு 2008-ஆம் ஆண்டில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஆகியவற்றில் எட்டாம் வகுப்புப் பயில்வோர் இதற்கு விண்ணப்பிக்கலாம். நம் மறைமாவட்டப் பள்ளிகளுள் பல அரசு உதவி பெறுபவை என்பதால், இவ்வாய்ப்பு நம் வாயிற்படி வரை வந்திருப்பதாகும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. தொடக்கத்தில் மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2017 முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடிய நான்கு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 48,000 ரூபாய் ஆகிறது. இந்தியா முழுவதற்குமாக ஆண்டுக்கு 1,00,000 பேருக்கு ஒதுக்கப்பட்டுள்ள இவ்வுதவியில் தமிழகத்தின் பங்கு 6,695.

வசதி படைத்தோர்க்கு இத்தொகை சிறிதாகத் தோன்றலாம். மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பெரிய வழி தேடும் வீட்டிலும், அன்றாடக் கூலியை நம்பி வாழும் வீட்டிலும் அதன் மதிப்பு வேறு. “பையனையும் வேலைக்கு அழைத்துச் சென்றால் கொஞ்சம் பணம் கிடைக்குமே” என்னும் எண்ணம் தலைதூக்கும் வேளையில், அவன் பள்ளியிலேயே இருப்பதற்கு இத்தொகை துணை நிற்கும். பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட எண்ணும் வீட்டிலும் அவ்வாறே. ஆகவே இத்தேர்வை விளையாட்டாக எண்ணிவிடுவதற்கில்லை.

தேர்வு இரு தாள்களைக் கொண்டது. இரண்டிலும் 90 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடங்கள். படிப்பறிவுத் தாளில் அறிவியலுக்கு 35, சமூக அறிவியலுக்கு 35, கணிதத்துக்கு 20 வினாக்கள் வருகின்றன. அதற்குப் பாடநூலும் ஆசிரியரும் உண்டு. மற்றொரு தாளாகிய மனத்திறன் தாளே பெற்றோரை மருட்டுவது. ஆகவே அதனைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம்.

அறிவைத் தேர்வினால் அளந்தறியும் முயற்சி எங்ஙனம் தோன்றியது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. பிரெஞ்சு நாட்டில் வழக்கமான வகுப்பில் படிக்க இடர்ப்படும் குழந்தைகளைக் குறித்து ஆராய 1904-இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தொடர்பாக ஆல்ஃபிரட் பினே என்னும் உளநூல் அறிஞர், தியோடோர் சிமோன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து, 1905-இல் 30 சிறு செயல்களைக் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறிவதே அதன் பயன். ஒரு குழந்தையின் அறிவு மாறாத அளவுடையது என்னும் கருத்தைப் பினே ஏற்கவில்லை. 1909-இல் வெளிவந்த தம் நூலில் அதனை வன்மையாக மறுத்ததோடு, கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்ப்பதற்கான பயிற்சிகளையும் எடுத்துரைத்தார். இவ்வகைத் தேர்வுக்கு முதல் வழி வகுத்தவரே இவ்வாறு கருதியிருக்க, நாம் நம் பிள்ளைகளை மதிப்பெண்ணைக் கொண்டு “அறிவாளி” என்றும் “மக்கு” என்றும் பிரித்துவைப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

எனினும் பயிற்சியின் எல்லையையும் உணர்ந்திருத்தல் வேண்டும். இரண்டு மாதப் பயிற்சியினால் ஒரு பிள்ளையின் அறிவு இருமடங்காகிவிடாது. பயிற்சி செய்வது வேறொன்று. பிள்ளை இதற்குமுன் கண்டிராத வினா வகைகளைப் பழக்கப்படுத்துகிறது, அச்சத்தைப் போக்குகிறது, “இவ்வகை வினாவில் எதைத் தேட வேண்டும்?” என்பதைக் காட்டுகிறது. நன்கு சிந்திக்கும் பிள்ளை, வினாவின் அமைப்புப் புரியாமையால் மட்டும் தோற்றுவிடுவதுண்டு. அத்தகைய தோல்வியை வீட்டிலிருந்தபடியே தவிர்க்க முடியும்.

மனத்திறன் தாளில் வரும் வினாக்கள் சில வகைகளுள் அடங்கும். அவற்றுள் பலவற்றுக்கு வேண்டிய கருவிகள் நம் வீட்டிலேயே உள்ளன.

எண் தொடரை எடுத்துக்கொள்வோம். 3, 6, 11, 18, 27 என்னும் தொடரில் அடுத்த எண் யாது? அடுத்தடுத்த எண்களின் வேறுபாட்டைக் கீழே எழுதச் சொல்லுங்கள். 3, 5, 7, 9 என்று வருவதைப் பிள்ளையே காணும். அடுத்த வேறுபாடு 11; எனவே விடை 38. “தொடரைக் கண்டால் முதலில் வேறுபாட்டை எழுது” என்னும் ஒரு பழக்கம் பல வினாக்களுக்கு வழி திறக்கும்.

பொருந்தாததைக் கண்டுபிடிக்கும் வினாக்களும் உண்டு. பசு, ஆடு, எருமை, குதிரை என்பவற்றுள் எது வேறுபட்டது? பிள்ளை ‘ஆடு’ என்று சொல்லக்கூடும். உருவத்தில் சிறியது என்று காரணமும் காட்டும். அதனைத் தவறென்று தள்ளிவிடாமல், “மற்ற மூன்றுக்கும் பொதுவான வேறு ஏதேனும் உண்டா?” என்று கேளுங்கள். பசுவும் ஆடும் எருமையும் அசைபோடுபவை, கொம்புடைய இனத்தவை. குதிரைக்கு இவ்விரண்டும் இல்லை. உருவம் சிறிது என்பதைக் காட்டிலும் இக்காரணம் வலியது என்பதைப் பிள்ளையே ஒப்புக்கொள்ளும். வினாவை அமைத்தவர் எக்காரணத்தை நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் இவ்வாறு தோன்றுகிறது.

உறவுமுறை வினாக்களுக்குப் பாட்டியைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. “ஒரு பெண்ணைக் காட்டி ஒருவன், ‘இவள் என் தாயின் தந்தைக்கு ஒரே மகனாகிய ஒருவரின் மகள்’ என்றான். அவள் அவனுக்கு என்ன உறவு?” மாமன் மகள் என்று பாட்டி நொடியில் சொல்லிவிடுவார். தாத்தா என்னும் சொல் தந்தையின் தந்தைக்கும் தாயின் தந்தைக்கும் பொதுவாதலால், எந்தத் தாத்தா என்று கவனித்துப் படிக்கப் பிள்ளையைப் பழக்குங்கள். திருமண வீடுகளில் வந்திருப்போரின் உறவைப் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்.

திசை வினாக்களை முற்றத்தில் நடந்தே பழகலாம். கிழக்கு நோக்கி 10 அடி நடந்து, வலப்புறம் திரும்பி 5 அடி நடந்து, மீண்டும் வலப்புறம் திரும்பி 10 அடி நடந்தால் எங்கே நிற்போம்? புறப்பட்ட இடத்துக்குத் தெற்கே 5 அடியில், மேற்கு நோக்கி நிற்போம். இருமுறை காலால் நடந்த பிள்ளை, மூன்றாம் முறை தாளில் கோடிட்டே கண்டுவிடும்.

நாட்காட்டி வினாவுக்கு எளிய தொடக்கம் ஒன்று: கிறிஸ்து பிறப்பு விழாவும் அடுத்து வரும் புத்தாண்டு நாளும் எப்பொழுதும் ஒரே கிழமையில் வருவது ஏன்? இரண்டுக்கும் இடையே சரியாக 7 நாள். இதனை உணர்ந்த பிள்ளை, எத்தனை நாள் கடந்தாலும் 7-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் கிழமை தெரியும் என்பதைத் தானே வருவித்துக்கொள்ளும்.

உருவங்களைப் பற்றிய வினாக்களே பலருக்கும் கடினமாகத் தோன்றுபவை. கைக்கண்ணாடியைக் கடிகாரத்துக்கு எதிரே பிடியுங்கள். 3 மணி 40 நிமிடம் என்பது கண்ணாடியில் 8 மணி 20 நிமிடமாகத் தெரியும். ஒரு தாளை இருமுறை மடித்து ஒரு துளையிட்டால், விரிக்கும்போது எத்தனை துளைகள் இருக்கும் என்று முன்னதாகக் கேளுங்கள். பின்னர் விரித்துக் காட்டுங்கள். களிமண்ணைக் கனசதுரமாகப் பிடித்து, வெளிப்புறம் எங்கும் சுண்ணாம்பு பூசி, மூன்று வாக்கிலும் மும்மூன்று பகுதியாக நூலால் அறுத்தால் 27 சிறு கட்டிகள் கிடைக்கும். அவற்றுள் மூன்று பக்கம் வெள்ளையானவை 8. இரண்டு பக்கம் வெள்ளையானவை 12. ஒரு பக்கம் மட்டும் 6. சுண்ணாம்பே படாதது நடுவிலிருக்கும் 1. ஒருமுறை கையால் எண்ணிய பிள்ளைக்கு இது மறக்காது.

இனி, இக்கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். மேற்கண்ட எந்தப் பயிற்சியிலும் பெற்றோர் விடை சொல்ல வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. பிள்ளை ஒரு விடையைச் சொன்னதும், சரியா தவறா என்று தீர்ப்பளிக்காமல், “எப்படிக் கண்டாய்? எனக்கும் சொல்” என்று கேட்பதே அது. தான் வந்த வழியை வாய்விட்டு விளக்கும்பொழுது, பிள்ளை தன் தவற்றைத் தானே கண்டுகொள்ளும். சரியான விடையாயின், அதற்குரிய வழி மனத்தில் ஊன்றி நிற்கும். ஊகத்தினால் கிடைத்த விடைக்கும் சிந்தித்துக் கண்ட விடைக்கும் உள்ள வேற்றுமையும் புலப்படும். விடை சரியாக இருக்கும்போதும் இவ்வாறு கேளுங்கள். தவறியபோது மட்டும் கேட்டால் அது குறுக்கு விசாரணையாகிவிடும்.

நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். ஒரு நாளைக்கு ஒரு வகை வினா என்று வைத்துக்கொள்க. நான்கைந்து வழிகாட்டி நூல்களை வாங்கிக் குவிப்பதைக் காட்டிலும், முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை ஆசிரியரிடம் கேட்டுப் பெறுவது நன்று. தேர்வுக்கு மூன்று வாரங்கள் இருக்கும்பொழுது, வாரம் ஒருமுறை முழுத்தாளையும் 90 நிமிடங்களில் எழுதச் செய்யுங்கள்.

90 நிமிடங்களில் 90 வினா என்றால் வினாவுக்கு ஒரு நிமிடமே. ஒரு கடினமான வினாவில் ஐந்து நிமிடங்களைச் செலவிடுபவர், எளிதான நான்கு வினாக்களை இழக்கிறார். ஆகவே முதற் சுற்றில் தெரிந்தவற்றை விரைந்து முடித்து, ஐயமுள்ளவற்றுக்கு வினாத்தாளில் சிறு குறியிட்டுக் கடந்து செல்லவும், இரண்டாம் சுற்றில் அவற்றுக்குத் திரும்பவும் பழக்குங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை ஆதலால், இறுதியில் எந்த வினாவையும் விடையின்றி விட வேண்டாம். ஆங்கில எழுத்துத் தொடர் வினாக்களுக்காக, 26 எழுத்துகளையும் அவற்றின் வரிசை எண்களையும் தொடக்கத்திலேயே செயல்முறைக்குரிய இடத்தில் எழுதிக்கொள்ளலாம். விடைத்தாளில் வட்டங்களைக் கருமையாக்கும் முறையையும் வீட்டிலேயே பழகட்டும். வினா ஒன்றைத் தாண்டிச் செல்லும்போது விடைத்தாளிலும் அதற்குரிய வரிசையைத் தாண்டாவிட்டால், அதன்பின் வரும் விடைகள் அனைத்தும் இடம் மாறிவிடும். பத்து வினாக்களுக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கும் பழக்கம் இவ்விபத்தைத் தவிர்க்கும்.

தேர்வுக்கு முந்திய இரவு புதிய பாடம் எதுவும் வேண்டாம். வேளையோடு உணவும் நல்ல உறக்கமும் அன்று எந்த வழிகாட்டி நூலினும் மேலானவை. “அடுத்த வீட்டுப் பிள்ளை சென்ற ஆண்டு தேர்ச்சி பெற்றான்” என்னும் ஒப்பீட்டை அந்நாளில் மட்டுமன்றி எந்நாளிலும் விலக்குங்கள். “நீ இதில் தேறினால்தான் மேலே படிக்க வைப்போம்” என்று சொல்லும் வீடுகளும் உண்டு. எண்பது, தொண்ணூறு நிமிடங்களில் எழுதப்படும் ஒரு தாளின்மீது பதின்மூன்று வயதுப் பிள்ளையின் எதிர்காலம் முழுவதையும் சுமத்துவது தகாது. சிந்திக்க வேண்டிய மனம் நடுங்கிக்கொண்டிருந்தால், தெரிந்த விடையும் மறந்துபோகும்.

தேர்ச்சி பெற்ற பிள்ளையின் பெற்றோர் ஒன்றை நினைவிற்கொள்க. உதவித்தொகை தொடர வேண்டுமாயின், பிள்ளை தொடர்ந்து அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ பயில வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு மதிப்பெண் பெற வேண்டும். பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் இதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. விண்ணப்பம் பள்ளியின் வழியாகவே செல்வதால், வருமானச் சான்று முதலியவற்றுக்கு இறுதி நாள் வரை காத்திராமல் தலைமை ஆசிரியரை முன்னரே காணுங்கள்.

தேர்ச்சி பெறாத பிள்ளையின் பெற்றோர்க்கும் ஒரு சொல். விண்ணப்பிப்போர் மிகப் பலர், இடங்களோ வரையறுக்கப்பட்டவை. முடிவு வந்த அன்று வினாத்தாளை எடுத்துத் தவறுகளைக் கணக்கிட வேண்டாம். சில நாள் சென்றபின், களிமண் கட்டியை அறுத்ததையும், முற்றத்தில் திசை பார்த்து நடந்ததையும் நினைவூட்டி, வேறொரு புதிரைக் கையில் கொடுங்கள். விடை சொன்னதும் முன்போலவே “எப்படிக் கண்டாய்?” என்று கேளுங்கள். உதவித்தொகை கிடைக்காவிடினும், தன் சிந்தனையைக் கேட்க வீட்டில் ஒருவர் உண்டு என்பதை அப்பிள்ளை அறிந்திருக்கட்டும்.