கேட்காத சேவைக்குக் கட்டணம்: சட்டம் எதுவரை காக்கும்?

ஒரு மாத இலவசச் சேவை என்று சேர்ந்தவர் அதை மறந்தே போயிருப்பார். மறுமாதம் அவரது கணக்கிலிருந்து சந்தா கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வரும். இணையத்தில் பயணச்சீட்டு எடுத்தவரின் ரசீதில் அவர் கேட்காத காப்பீட்டுக் கட்டணம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீட்டுக்குக் 'கேஷ் ஆன் டெலிவரி' பொட்டலம் வரும்; மகன்தான் வாங்கியிருப்பான் என்று முதியவர் பணத்தை எண்ணிக் கொடுப்பார்.

பொருள்களைப் பொறுத்தவரை சட்டம் பழையது, ஆனால் தெளிவானது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஏற்பைத் தெரிவிக்காதவரை ஒப்பந்தம் இல்லை. பேசாமல் இருந்ததை ஏற்பாகக் கொள்ள முடியாது. எனினும் அதே சட்டத்தின் 70ஆவது பிரிவு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. வணிகர் தவறுதலாக வீட்டில் விட்டுச்சென்ற பொருளைத் தனதாகக் கருதிப் பயன்படுத்துபவர் அதற்குரிய விலையைத் தரவேண்டும். ஆகவே கேட்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவதே பாதுகாப்பானது.

சேவைகளின் நிலை வேறு. பொருளுக்குப் பணத்தை நாம் கையால் கொடுக்கிறோம். சந்தாவுக்கோ பணம் தானாகவே போகிறது. இந்தத் தானியங்கிப் பிடித்தத்துக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கடிவாளம் போட்டது. முதல் முறை கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு தரவேண்டும். அதிலேயே மறுக்கவும் வழி இருக்கவேண்டும். ஆனால் ஓடிபி இன்றிக் கழிக்கக்கூடிய வரம்பு 5,000 ரூபாயிலிருந்து 2022இல் 15,000 ஆக உயர்த்தப்பட்டது. பெரும்பாலான சந்தாக்கள் இதற்குள் அடங்கிவிடுவதால், நடைமுறையில் அந்த ஒரு குறுஞ்செய்தியே நுகர்வோரின் முழுப் பாதுகாப்பு.

கேட்காமலே கிரெடிட் கார்டு வழங்குவதை ரிசர்வ் வங்கி தடை செய்துள்ளது. ஒப்புதலின்றி அட்டையைச் செயல்படுத்திக் கட்டணம் விதித்தால், அதை ரத்து செய்வதோடு அதைப்போல் இருமடங்கு தொகையை அபராதமாகவும் வங்கி தரவேண்டும் என்கிறது 2022ஆம் ஆண்டின் உத்தரவு. இத்தகைய கூர்மை சந்தா விவகாரத்தில் இல்லை. அங்கே நுகர்வோர் ஏதோ ஒரு கட்டத்தில் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தியிருப்பார். எனவே அது மோசடிப் பரிவர்த்தனை அல்ல என்று வங்கி கைவிரிக்க இடமுண்டு. நிறுவனத்தின் தளத்திலோ ரத்து செய்யும் வழி எளிதில் கண்ணில் படாது.

இந்தத் தந்திரத்துக்குச் 'சந்தாப் பொறி' என்றே பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகள், கூடையில் கேட்காத பொருளை நுழைப்பது உட்பட இத்தகைய 13 ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன. 2025 ஜூனில் மின்வணிக நிறுவனங்கள் தங்களைத் தாங்களே மூன்று மாதங்களுக்குள் தணிக்கை செய்யுமாறும் ஆணையம் அறிவுறுத்தியது. தேர்வு எழுதுபவரே விடைத்தாளைத் திருத்தும் ஏற்பாடு இது என்ற ஐயம் எழாமல் இல்லை.

செயலியை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நம்புகின்றனர். அது நிற்பதில்லை. யுபிஐ செயலியின் 'ஆட்டோபே' பகுதியிலோ, அட்டை வழங்கிய வங்கியின் தளத்திலோ அனுமதியை ரத்து செய்யவேண்டும். பணம் போய்விட்டிருந்தால், நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்து, தீர்வு கிடைக்காதபோது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அறவே அனுமதிக்காத பிடித்தம் என்றால் வங்கிக்கே முதலில் தெரிவிப்பது அவசியம். தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாத நிலையில், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பில் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி.